நான் கல்பாக்கத்தை அணைத்த சாயங்காலம்

தலைமுடி காயவைக்கும் ஒரு மிஷினைக் கொண்டு கல்பாக்கம் அணுமின் நிலையத்தையே நிறுத்திவிட்டேன் என்று சின்ன வயதில் நான் நம்பினேன். அரைகுறையாக இல்லை, முழுசாக நம்பினேன். சிரிப்பவர்கள் இங்கேயே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் போகப்போக இன்னும் மோசம். என்னைப் பிடிக்க மிலிட்டரி வரும், அதுவும் கடல் வழியாகத்தான் வரும் என்று கணக்குப் போட்டு, ஒளிந்துகொள்ள நேராகக் கடற்கரைக்கே ஓடினேன். பிடிக்க வருகிறவர்களுக்கு எதிரே போய் ஒளிந்த குற்றவாளி செங்கல்பட்டு ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு சயின்ஸ் இருந்தது. எங்கள் வீடு மாமல்லபுரத்தில். பஸ் ஏறித் தெற்கே கொஞ்ச நேரம் போனால் கல்பாக்கம். அங்கே கரண்ட் செய்கிறார்கள், அந்தக் கரண்ட் எங்கள் வீட்டுக்கு வருகிறது. நடுவில் வேறு எதுவும் இருப்பதாக யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆகவே அங்கிருந்து எங்கள் கூடத்துச் சுவிட்சு வரை ஒரே ஒரு நீள ஒயர் வருகிறது என்று வைத்துக்கொண்டேன். அந்த முனையை இழுத்தால் இந்த முனை ஆடும். இந்த முனையை இழுத்தால் அந்த முனை ஆடாமல் எங்கே போகும்?

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளியிருந்த கிராமத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மாமல்லபுரம் வந்து, வெள்ளைக்காரர்களுக்கு வாடகை சைக்கிள் விடும் கடை வைத்தவர். உலகம் முழுக்கத் தன் கடைக்கு வந்து போவதால் உலகம் முழுக்கத் தனக்குத் தெரியும் என்பது அவருடைய முடிவு. ஜெர்மன்காரன் பிரேக்கைப் பார்ப்பான், பிரெஞ்சுக்காரன் சீட்டைப் பார்ப்பான், இங்கிலீஷ்காரன் வானத்தைப் பார்ப்பான் என்று ஆளை வைத்தே நாட்டைச் சொல்வார். பாதி நேரம் தப்பாக இருக்கும். வந்தவனே திருத்தினாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவனுக்குத் தெரியவில்லை என்பார்.

அந்தக் கடைச் சைக்கிள் ஒன்றின் கூடையில் யாரோ மறந்துவிட்டுப் போன சாமான்தான் இந்தக் கதையின் வில்லன். கறுப்பாக, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கட்டை. ஒரு பக்கம் நம் ஊர்ச் சுவரில் சொருகுகிற உருண்டைக் கால்கள். மறுபக்கம் தட்டைக் கால், சாய்ந்த கால், தடித்த கால் என்று எந்த நாட்டுப் பிளக்கும் நுழைகிற மாதிரி ஓட்டைகள். இப்போது விமான நிலையத்தில் குவித்து வைத்து விற்கிற அடாப்டர்தான். அன்றைக்கு எங்கள் தெருவில் அதைப் பார்த்தவர் கிடையாது.

நைனா விளக்கம் சொன்னார். “அமெரிக்கா மிஷின இதுல சொருவுனா அமெரிக்கா கரண்ட் வரும். ஜப்பான் மிஷின சொருவுனா ஜப்பான் கரண்ட் வரும். அவ்ளோதான்டா விஷயம்.”

“இது எந்த ஊரு மிஷின்னு இதுக்கு எப்டி நைனா தெரியும்?”

“கால பாத்தாத் தெரியாது? நான் ஆள பாத்து சொல்லல? அந்த மாதிரிதான்.”

இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தேவைப்படவில்லை. அந்தக் கட்டைக்கு நான் ஊர்மாத்தி என்று பேர் வைத்தேன். பள்ளிக்கூடப் பையிலேயே வைத்திருந்தேன். மாற்றுவதற்கு வேற்று ஊர் மிஷின் ஒன்றும் கிடைக்காமல், வேலையில்லாப் பட்டதாரி மாதிரி அது சும்மா கிடந்தது.

அத்தை எங்களோடுதான் இருந்தாள். நைனாவின் தங்கை. அவளுக்குக் கல்பாக்கத்தில் வேலை. என்ன வேலை என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, கேட்டதும் கிடையாது. ஆபீஸ் வேலை என்பாள் அம்மா. டைப் அடிக்கிறாள் என்பார் நைனா. அத்தை யாரையும் திருத்த மாட்டாள். நான் ஒருமுறை கேட்டதற்கு, “அளக்குற வேலைடா” என்றாள். அரிசியா, துணியா என்று நான் மேற்கொண்டு யோசித்ததோடு சரி.

அவளுக்கு அமெரிக்காவில் ஒரு மாப்பிள்ளை அமைந்தார். அமைந்தார் என்றால், அவர் அங்கேயே இருந்தார், ஃபோட்டோ மட்டும் வந்தது. செங்கல்பட்டுக் குடும்பம். வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை.

“வேலைய வுட மாட்டேன்” என்பாள் அத்தை.

“அமெரிக்கா கீதும்மா, அமெரிக்கா!” என்பார் நைனா.

“இருந்துட்டுப் போவட்டும்.”

“ஊரே அங்க போவத் துடிக்குது. உனக்கு இன்னாத்துக்கு இந்தத் திமிரு?”

“ஊர அனுப்பு அண்ணா. நான் இங்க கீறேன்.”

இப்படியே வாரம் முழுக்க நடந்தது. கடைசியில் நைனாதான் வீட்டுக்குப் பெரியவர் என்பதால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருவதாக முடிவானது. எங்கள் பக்கத்தில் பூ வைத்தல் என்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் மல்லிகைச் சரத்தை வைத்துவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் பெண் வேண்டாம் என்றாலும், மாப்பிள்ளை வேண்டாம் என்றாலும், சொன்னவர் குடும்பத்துக்கு இன்னொரு சம்பந்தம் சுலபத்தில் வராது.

மாப்பிள்ளையின் அம்மா மகனோடு சில மாசம் தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். எதைப் பார்த்தாலும் ‘அங்க’ என்று ஆரம்பித்தார். எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு அங்கே தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொன்னார். எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அங்கே நாற்காலி எப்படி இருக்கும் என்று சொன்னார். பிறகு அத்தையைப் பார்த்து விஷயத்துக்கு வந்தார்.

“வேலைய எப்ப வுடப் போற?”

“வுடறதா இல்லீங்க” என்றாள் அத்தை.

அம்மா பின்னாலிருந்து அவளைக் கிள்ளியது எனக்குத் தெரிந்தது. நைனா அவசரமாகச் சிரித்தார். “வெளையாட்டுக்குச் சொல்லுது சம்பந்தியம்மா. நாளைக்கே எழுதிக் குடுத்துடும்.”

“குடுக்கணும். இன்னிக்குப் பூ வெச்சா நாளையிலருந்து அது எங்க வூட்டுப் பொண்ணு. எங்க வூட்டுப் பொண்ணு பஸ்ல குலுங்கிகினு போயி டைப் அடிக்கணுமா இன்னா?”

அத்தை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவள் பேச்சை அடக்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயமாக இருந்தது.

அந்த அம்மா பையிலிருந்து ஒரு பொருளை எடுத்தார். ரோஸ் கலரில், துப்பாக்கி மாதிரி. “அங்க வெயிலே கிடையாது. தல காயவே காயாது. இத்தப் புடிச்சா நிமிஷத்துல காஞ்சிடும். எம் புள்ள வாங்கி அனுப்பிச்சான். பொண்ணு தலையில இத்தக் காட்டிட்டே பூ வெக்கலாம்னு எடுத்தாந்தேன்.”

எல்லோரும் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். அத்தையும் பார்த்தாள். கடைசியாக நைனா பிளக்கைப் பார்த்துவிட்டு முகம் வாடினார். இரண்டு தட்டைக் கால். நம் சுவரில் போகாது.

என் வாழ்க்கையின் பெருமைக்குரிய கணம் அதுதான் என்று அன்று நினைத்தேன். “ஊர்மாத்தி!” என்று கத்திக்கொண்டு பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அந்த வாரத்தில் முதல் தடவையாக அத்தை சிரித்தாள். “அண்ணா, இது இருந்தா ஓடுமா?”

“ஓடும். அமெரிக்கா கரண்டே வரும்.”

“நல்லாத் தெரியுமா?”

“நான் சொல்றன்ல? உலகத்துல எவன் வந்தாலும் இத்தத்தான் வெச்சிகீறான்.”

“சரி. நீங்க சொன்னா சரி” என்றாள். அண்ணன் பேச்சுக்கு அவள் அவ்வளவு சுலபமாகத் தலையாட்டியதைப் பார்த்து அம்மாவுக்கே ஆச்சரியம்.

பிறகு அத்தை சுறுசுறுப்பானாள். மிஷினைக் கொண்டுபோய் ஜன்னல் ஓரத்துச் சிமெண்டு மேடையில் வைத்தாள். திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டினாள். “முதல்ல காத்து எப்டி வருதுன்னு பாப்போம்” என்று எல்லோரையும் தள்ளி உட்காரச் சொன்னாள். ஊர்மாத்தியைத் தானே சொருகிவிட்டு என்னிடம் வந்தாள். “நீதான்டா சுவிட்சு போடணும். போயி செருப்பு போட்டுக்கினு வா.”

“கூடத்துலயா செருப்பு?” என்றாள் அம்மா.

“அமெரிக்கா மிஷின் ஆச்சே அண்ணி. அங்க வூட்டுக்குள்ளயே செருப்புதான, இல்லீங்களா?” என்று அத்தை மாப்பிள்ளையின் அம்மாவைக் கேட்டாள்.

“ஆமாமா. எம் புள்ள ஷூவே போட்டுக்கினு தூங்கறான்” என்றார் அவர்.

ஆக, ரப்பர் செருப்போடு நான் சுவிட்சுக்கு அருகில் நின்றேன். மாப்பிள்ளையின் அம்மா ஆயத்தமாக மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். நைனா பெருமையோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். போட்டேன்.

முதலில் ஒரு ஊளை. புயல் சின்னம் கரையைக் கடக்கும்போது பனைமரத்தில் கேட்கிற ஊளை, ஒரு ரோஸ் கலர்த் துப்பாக்கியிலிருந்து வந்தது. அந்த அம்மா “பாத்தீங்களா காத்த!” என்று சொல்லி முடிப்பதற்குள் அதன் மூக்கு செக்கச் செவேல் என்று ஆனது. ரப்பரும் மயிரும் சேர்ந்து கருகுகிற நாற்றம். அப்புறம் டப் என்று ஒரு சத்தம். டியூப் லைட் போனது. ஃபேன் போனது. பக்கத்து வீட்டு டேப் ரிக்கார்டர் பாதிப் பாட்டில் இழுத்துக்கொண்டு நின்றது. பின்தெருவில் கல் அறுக்கும் மிஷின் நின்றது. அதுவரை காதில் விழாத கடல், வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி கேட்டது.

தெருவில் யாரோ கத்தினார்கள். “இன்னாடா ஆச்சு? கல்பாக்கமே பூட்ச்சா?”

அந்தப் புண்ணியவான் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் விஞ்ஞானத்துக்குச் சாட்சி சொன்ன ஒரே மனிதர் அவர்தான்.

கூடத்தின் இருட்டில் மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் நடுங்கியது. “பூவக் கையில எடுத்தேன். எடுத்த கையோட வெளக்கு அணைஞ்சி பூட்ச்சே.”

“கரண்ட்தான் போச்சு சம்பந்தியம்மா, இதோ மெழுவத்தி...” என்றார் நைனா.

“வேணாங்க. நாங்க கெளம்பறோம்ங்க.”

அதுவரை நைனா சம்பந்தியாக இருந்தார். அந்த ஒட்டாத ‘ங்க’வில் அவர் மறுபடி சைக்கிள் கடைக்காரர் ஆனார். பூச்சரம் பைக்குள் திரும்பிப் போகிற சரசரப்பு எனக்குக் கேட்டது. நான் அதற்கு மேல் நிற்கவில்லை. சுவரில் சொருகியிருந்த ஊர்மாத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகுக்குப் பின்னால் உட்கார்ந்து தெற்கே பார்த்தேன். கல்பாக்கம் பக்கம் ஒரு வெளிச்சமும் இல்லை. சவுக்குத் தோப்பு மறைக்கிற அந்த இடத்திலிருந்து எந்த நாளிலும் வெளிச்சம் தெரியாது என்பது வேறு விஷயம். அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லையே, எனக்கு எப்படித் தெரியும்? போச்சு. அணைத்துவிட்டேன். அணுவெல்லாம் வழியில் நின்றுபோய் ஒயருக்குள்ளேயே கெட்டுக்கொண்டிருக்கும்.

பயத்தில் இரண்டு முறை சவுக்குத் தோப்புக்குள் போய் வந்தேன். அதற்கு மேல் விவரம் வேண்டாம். ஊர்மாத்தியை ஆழமாக மண்ணில் புதைத்தேன். புதைத்துவிட்டு, தேடுகிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று மேலே ஒரு கிளிஞ்சலை அடையாளம் வைத்தேன். எனக்கிருந்த மூளை அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்பதில்லை என்று மட்டும் முடிவு செய்தேன். மிலிட்டரி வந்தாலும் சரி. கரண்ட் வரும் என்று சொன்னது நைனா. சுவிட்சு போடச் சொன்னது அத்தை. மிஷின் அமெரிக்காவுடையது. நடுவில் நான் யார்? விரல் மட்டும்தான் என்னுடையது. இதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாதே என்பதுதான் கவலை.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த மீனவர் ஒருவர் என் மேல் இடறினார். “யார்றா அது? இன்னாடா இங்க குந்திகினு கீற?”

“நான் ஒண்ணியும் பண்ணல!” என்று அலறினேன்.

“நான் ஒண்ணியும் கேக்கலியே” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் பட்டுப் புடவையோடு கடைச் சைக்கிளை மிதித்துக்கொண்டு அத்தை வந்தாள். மணலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு பொட்டலம் சுண்டல் கொண்டுவந்திருந்தாள். நான் தொடவில்லை.

“அத்த, கல்பாக்கம் வெடிச்சிடுச்சா?”

அவள் சுண்டல் புரையேறிச் சிரித்தாள். “அங்கல்லாம் நல்லாத்தான்டா கீது. போச்சுன்னா எனக்கில்ல மொதல்ல சொல்லுவாங்க.”

டைப் அடிக்கிறவளுக்கு எதற்கு முதலில் சொல்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. “நம்ம தெருவு?”

“கம்பத்துல ஃபியூஸ் போயிடுச்சி. நம்ம வூட்டு ஃபியூஸ்தான் போயிருக்கணும். உங்க நைனா அதுல இன்னா வெச்சிகீறார் தெரியுமா? சைக்கிள் பிரேக் கம்பி! அடிக்கடி போவுதாம், அதனால கெட்டியா வெச்சாராம். வூட்ல போவாம தெருவுல போயிருக்கு.” அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் கொஞ்சம் கலவரம் இருந்தது.

“கல்யாணம்?”

“நின்னு போச்சு.”

“என்னாலயா?”

அத்தை கடலைப் பார்த்தாள். “ஆமா. உன்னாலதான். யார் கேட்டாலும் அப்டியே சொல்லு. உன்ன யாரும் அடிக்க மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா நீதான். புரிதா?”

“நான் மன்னிப்பு கேக்க மாட்டேன்.”

“கேக்காத! எவனாவது கேக்கச் சொன்னா எங்கிட்ட அனுப்பு” என்று என் தலையைக் கலைத்துவிட்டாள்.

அடி விழவில்லை, அது உண்மை. ஆனால் பேர் விழுந்தது. சொந்தக்காரர்கள் மத்தியில் அன்றிலிருந்து எனக்கு அந்த மிஷினின் பேரான ‘ட்ரையர்’தான் பேர். அத்தையின் அமெரிக்கா வாழ்க்கையைக் கருக்கியவன். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், “இவன சுவிட்ச் போர்டு பக்கம் வுடாதீங்கடா” என்பார். அத்தை பிறகு கல்பாக்கத்திலேயே வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கல்யாணத்தில் ஜெனரேட்டர் பக்கம் என்னைப் போகவிடாமல் காவலுக்கு ஒரு ஆளே போட்டிருந்தார்கள். நான் தலை நிமிர்ந்துதான் சாப்பிட்டேன். ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. உள்ளுக்குள் மட்டும், அவளுக்கு வரவேண்டிய ஒரு பெரிய வாழ்க்கையை என் விரல் அணைத்துவிட்டதோ என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

போன மாசம் ஆபீஸ் வேலையாக நான் அமெரிக்கா போக நேர்ந்தது. முதல் வெளிநாடு. தலையில் நரை, சட்டைப் பையில் ரத்த அழுத்த மாத்திரை, ஆனாலும் பிளக்கு விஷயத்தில் எனக்கு வயசு ஏறவில்லை. மூன்று அடாப்டர் வாங்கினேன். மூன்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கும் அத்தைக்கே ஃபோன் போட்டேன்.

“அத்த, அங்க வோல்ட்டு வேறயாமே. ஒரே பேஜாரா கீது.”

“சார்ஜர் முதுவுல பொடியா எழுதியிருக்கும், படி. இன்புட்னு போட்டு நூறுலருந்து இருநூத்தி நாப்பது வரைக்கும் போட்டுகீதா?”

கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தேன். “கீது.”

“அப்ப அது எந்த ஊர்லயும் ஓடும். கால் மட்டும் மாத்திக்க. லேப்டாப்பும் அப்டித்தான் இருக்கும், பாத்துக்க.”

“தண்ணி காயவெக்கற காயில் ஒண்ணு எடுத்துகினு போறேன்.”

“அதுல இருநூத்தி முப்பது மட்டும்தான் இருக்கும். அங்க பாதிதான் வரும். நீ காபி குடிக்கறதுக்குள்ள விடிஞ்சிடும். வெச்சிட்டுப் போ.”

“அடாப்டர் போட்டாலும்?”

“டேய், அடாப்டர் காலத்தான் மாத்தும். கரண்ட மாத்தாது. அதுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேணும். அடாப்டர் எந்தக் காலத்துலடா கரண்ட மாத்திச்சி?”

கையிலிருந்த சார்ஜரைக் கீழே வைத்தேன்.

“அத்த, இது உனக்கு எப்பத் தெரியும்?”

“எப்பன்னா? நான் வேலை பாத்ததே மீட்டருங்கள சரி பாக்கற எடத்துல. வோல்ட்டு சரியாக் காட்டுதான்னு அளக்கறது. வூட்ல எவன் கேட்டீங்க?”

“அப்ப அன்னிக்கு?”

“பிடியிலயே நூத்திப் பத்துன்னு எழுதியிருந்துச்சு. ஃபியூஸ் போவும், கூடம் இருட்டாவும், அந்தம்மா பூவக் கீழ வெக்கும்னு தெரியும். தெருவு மொத்தம் போவும்னு தெரியாது. நானே ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன்.”

“என்னப் போயி சுவிட்சு போட வெச்சியே!”

“செருப்பு போட்டுத்தான நிக்க வெச்சேன்? நான் போட்டிருந்தா, வேணும்னு செஞ்சேன்னு அடுத்த வாரமே இன்னொரு ஃபோட்டோவ எடுத்தாந்திருப்பாரு உங்க நைனா. நீ போட்டா, ஏதோ கொழந்த போட்டுச்சி.”

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தது ஒரு திமிர். இத்தனை வருஷமாக நான் சுமந்த பேரை இனி யார் கேட்டாலும் திருப்பித் தருவதாக இல்லை. ஆமாம், நான்தான் ட்ரையர். நான்தான் நிறுத்தினேன். என்ன இப்போ?

நடந்தது இவ்வளவுதான். நூற்றுப் பத்து வோல்ட் மிஷினுக்குள் இருநூற்று முப்பது வோல்ட் போனது, அது எரிந்தது. கம்பத்து ஃபியூஸை லைன்மேன் வந்து அன்று ராத்திரியே போட்டுக்கொடுத்தார். கல்பாக்கம் நிற்கவில்லை. மறுநாள் திங்கட்கிழமை, அத்தை வேலைக்குப் போனாள்.